சென்சார் பொருத்தினாலும் மாடிப்படி ஏறத்தான் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காவிரிக் கூட்டுக் குடிநீரையும் போர்வெல்லின் உப்புத் தண்ணீரையும் நம்பியிருக்கும் எங்கள் சத்துவாச்சாரிப் பகுதியில், மாடித் தொட்டியின் நீர்மட்டத்தைச் சமையலறையிலிருந்தே பார்த்துக்கொள்ளும் கம்பியில்லாச் சென்சார்களைப் பலரும் வாங்கிப் பொருத்துகிறார்கள். நல்ல கருவிதான். ஆனால் பொருத்தியவர் பணத்தை வாங்கிக்கொண்டு இறங்கிப் போன பிறகு அதை எப்படிப் பராமரிப்பது என்று ஒருவரும் சொல்வதில்லை என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கடந்த மார்கழியில் ஒரு விடியற்காலை, தொட்டி நிறைந்திருப்பதாக எங்கள் வீட்டுத் திரை காட்டியதை நம்பி மோட்டாரைப் போடாமல் விட்டோம். தலைக்குச் சீயக்காய் தேய்த்த நிலையில் குழாய் நின்றுபோனது. மாடிக்கு ஏறிப் பார்த்தால், தொட்டியின் அடியில் நான்கு விரல் உயரத்துக்குத்தான் நீர் கிடந்தது. மூடியின் உட்புறம் இருந்த மீயொலிச் சென்சாரின் முகமெங்கும் நீர்த்துளிகள் திரண்டிருந்தன. இவ்வகைச் சென்சார் ஒலியை அனுப்பி, அது நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொண்டே மட்டத்தைக் கணக்கிடுகிறது. முகத்திலேயே துளியோ சிலந்தி வலையோ இருந்தால், எதிரொலி அங்கிருந்தே திரும்பிவிடுவதால், நீர் விளிம்புவரை இருப்பதாகக் கணக்கு வந்துவிடுகிறது. பழந்துணியால் துடைத்ததும் சரியாகிவிட்டது; அதற்குள் சீயக்காய் காய்ந்துவிட்டது என்பது வேறு கதை.

கோடையில் தொல்லை வேறு விதம். ஒலியின் வேகம் 20 டிகிரி செல்சியஸில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அது 0.6 மீட்டர் கூடும். நம் ஊர்க் கத்திரி வெயிலில் தொட்டிக்குள் இருக்கும் காற்று 45 டிகிரியை எட்டினால், வெப்பத்துக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளாத கருவி, ஒரு மீட்டர் இடைவெளியை நான்கு சென்டிமீட்டருக்கு மேல் குறைத்து அளந்து, இல்லாத நீரை இருப்பதாகக் காட்டும். ஆகவே அளவைச் சரிபார்ப்பவர்கள், காலையில் ஒரு முறையும் உச்சி வெயிலில் ஒரு முறையுமாகக் கோல் விட்டு அளந்து, திரையோடு ஒப்பிடுவது நல்லது.

நீரில் மூழ்கும் கம்பி வகைச் சென்சார்களுக்கு உப்புத் தண்ணீர்தான் எமன். கம்பியில் வெள்ளையாகப் படியும் உப்பைக் கத்தியால் சுரண்டாமல், வெளியே எடுத்து எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துக் கழுவினால் போதும். மிதவை வகையில், பழைய இரும்புக் குழாயிலிருந்து வரும் துருவை மிதவைக்குள் இருக்கும் காந்தம் இழுத்துப் பிடித்துக்கொள்வதால் மிதவை சிக்கி நின்றுவிடுவதுண்டு.

பேட்டரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேட்டரி தீர்ந்த பிறகும் சில கருவிகளின் திரை கடைசியாக வந்த அளவையே காட்டிக்கொண்டிருக்கும். இரண்டு நாளாக எண் அசையவில்லை என்றால் ஐயப்படத்தான் வேண்டும். பழைய பேட்டரியோடு புதியதைக் கலந்து போடக் கூடாது. மாற்றிய பின் பெட்டியை மூடும்போது, காடி வாடை அடிக்கும் சிலிகான் பசையைப் பூசுவதையும் தவிர்க்க வேண்டும்; அதிலிருந்து வெளிவரும் அமிலம் உள்ளே இருக்கும் செம்பை அரித்துவிடும்.

இவை எதுவும் பெரிய வேலை அல்ல. தொட்டி கழுவும் நாளிலேயே செய்துவிடலாம். விற்பனையாளர்கள் இந்த விவரங்களைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டுக் கருவியோடு கொடுக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பழைய பேட்டரிகளின் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைத்திருப்பதால், தீர்ந்துபோன பேட்டரிகளைக் கடையிலேயே திரும்பப் பெற்றுக்கொள்ளவும் அவர்கள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.