செயலாளரின் ஆண்டறிக்கை: வரைபட அனுமதியும் செயற்கை நுண்ணறிவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும், கட்டட வரைபடத் தொழிலில் உள்ள உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடைபெற்றன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். சென்ற பொதுக்குழு ஒப்படைத்த ஒரு பணியைப் பற்றியே நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். வீட்டு வரைபடம் விதிகளுக்குப் பொருந்துகிறதா என்று செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பார்த்தால் அனுமதி விரைவாகக் கிடைக்குமா என்பது அன்று எழுந்த கேள்வி.

முதலில், தாமதம் எங்கே பிறக்கிறது என்று தேடினோம். உறுப்பினர்கள் தந்த பழைய கோப்புகளில் உரிமையாளர் பெயர்களை மறைத்துவிட்டு, ஒவ்வொரு தாளும் எந்த நாளில் எங்கே இருந்தது என்று வரிசைப்படுத்தினோம். அலுவலக மேசையில் கோப்பு உறங்குகிறது என்றுதான் இதுவரை பேசிவந்தோம். அது பாதி உண்மை. மறுபாதி நம்முடையது. வீட்டுக்கும் மனை எல்லைக்கும் நடுவே விட வேண்டிய பக்க இடைவெளி ஒரு தாளில் ஓர் அளவு, அடுத்த தாளில் வேறு அளவு. பரப்புக் கணக்கில் படிக்கட்டு விடுபட்டிருந்தது. இப்படித் திரும்பிய கோப்பு, திருத்திக் கொடுத்த பிறகும் வரிசையின் கடைசியில்தான் போய் நின்றது. வாடகை வீட்டில் காத்திருக்கும் குடும்பத்துக்கு இதற்காக நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

விதிகளைக் கணக்காக மாற்றும் முயற்சி புதிதன்று. 1966-லேயே ஸ்டீவன் ஃபென்வெஸ் என்ற பொறியாளர் கட்டுமான வடிவமைப்பு விதிகளை, எந்த நிலைக்கு எந்த முடிவு என்று காட்டும் முடிவு அட்டவணைகளாக எழுதிக் காட்டினார். 2023 டிசம்பரில் தொடங்கிய சிங்கப்பூரின் கோரெனெட் எக்ஸ் என்ற இணையவழிக் கட்டட அனுமதி அமைப்பில், பல துறைகளும் ஒரே முப்பரிமாண மாதிரியை வைத்துக்கொண்டு ஆய்வு செய்கின்றன. 2025 ஜனவரித் தீயில் 16,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்த லாஸ் ஏஞ்சலஸ் பகுதிக்கு, ஆர்க்கிஸ்டார் நிறுவனத்தின், செயற்கை நுண்ணறிவால் வரைபடத்தைச் சரிபார்க்கும் மென்பொருளைக் கலிபோர்னியா ஆளுநர் அந்த ஏப்ரலில் அறிவித்தார். விண்ணப்பதாரர் மனுவைக் கொடுக்கும் முன்பே தம் வரைபடத்தைச் சோதித்துக்கொள்ளலாம் என்பது அதன் சிறப்பு. நமக்கு வேண்டியதும் அதுவே.

இவ்வகை மென்பொருள்களை நாமும் சோதித்தோம். உயரம், இடைவெளி, தளப்பரப்புக் குறியீடு (மனையின் பரப்புக்கு மொத்தத் தளப்பரப்பு எத்தனை மடங்கு என்ற கணக்கு), படிக்கட்டு அகலம் என அளந்து சொல்லக்கூடியவற்றில், கணினியில் வரைந்த கோப்பைக் கொடுத்தால் வேலை செம்மையாக நடந்தது. ஸ்கேன் செய்த தாளில் தடுமாறியது. ஒரு வரைபடத்தில் சன்ஷேடின் விளிம்பைச் சுவர் என்று கொண்டு, இடைவெளி போதாது என்றது. ‘போதுமான காற்றோட்டம்’ என்று விதி சொல்லும் இடத்தில், இருமுறை கேட்டால் இருவேறு பதில் வந்தது. இவற்றையெல்லாம்விட என்னைக் கலங்கவைத்தது வேறொன்று. உரையாடும் வகை மென்பொருள் ஒன்று, விதிப்புத்தகத்திலேயே இல்லாத ஒரு விதி எண்ணை உறுதியாகச் சொன்னது. நம் இளம் உறுப்பினர் ஒருவர் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டியதால்தான் அது தெரியவந்தது. அவருக்குச் சங்கத்தின் நன்றி. விதி எண்ணைக் காட்டாத, காட்டினாலும் நாம் சரிபார்க்காத பதிலை ஏற்பதில்லை என்று அன்றே முடிவெடுத்தோம்.

இயந்திரமே பார்த்துவிட்டால் ஆய்வாளர் எதற்கு என்று ஓர் உறுப்பினர் கேட்டார். 2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 உயிர்களைப் பறித்த தீ, வெளிச்சுவரில் பொருத்திய எரியும் தன்மையுள்ள உறை வழியாகவே மேலேறிப் பரவியது. வரைபடத்தை வாசிக்கும் மென்பொருளுக்குக் கட்டும் இடத்தில் என்ன பொருள் ஏறுகிறது என்று தெரியாது. மேசையில் மிச்சமாகும் நேரம் களத்துக்குப் போக வேண்டும். ஆய்வாளர் இடங்களைக் குறைக்க இந்தத் தொழில்நுட்பத்தைக் காரணம் காட்டினால், சங்கம் அதை எதிர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறது. சமர்ப்பிக்கும் முன் வரைபடங்களை உறுப்பினர்களுக்கு இலவசமாகச் சோதித்துத் தர ஒரு குழு அமைப்பது. கட்டட விதிகளைக் கணினி வாசிக்கும் அட்டவணைகளாகவும், ஒவ்வொரு திருத்தத்தையும் அது நடைமுறைக்கு வரும் நாளுடனும் வெளியிடும்படி அனுமதி அலுவலகத்திடம் மனு கொடுப்பது. மென்பொருள் எதைச் சொன்னாலும், வரைபடத்தில் கையெழுத்திட்டவரே அதற்குப் பொறுப்பு என்று நம் நடத்தை விதிகளில் சேர்ப்பது. மூன்றாவதைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு என்று அறிவேன். அதை இந்தக் கூட்டத்தில் விவாதித்த பிறகே வாக்கெடுப்புக்கு விட வேண்டும் எனத் தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.