தாராவி ஊர்ச் சங்கப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அண்ணாச்சிமாருக்கு வணக்கம்.

மும்பை தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டை ஒட்டிய சந்தில் பிறந்து வளர்ந்தவள் எழுதுகிறேன். எங்கள் அப்பா இறந்த அன்று, சொந்தக்காரர்கள் ஊரிலிருந்து ரயிலேறும் முன்பே வாசலில் வந்து நின்றவர்கள் ஊர்க்காரர்கள் கூடி நடத்தும் சங்கத்து ஆட்கள்தான். அந்த நன்றியோடுதான் இதைக் கேட்கிறேன். முத்திரைப் பத்திரத்தில் எழுதிக் கல்யாணத்தை அத்துவிடுகிற வேலையைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

என் அக்காவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்படி எழுதினார்கள். எந்தச் சங்கம் என்று சொல்லப்போவதில்லை. அத்தான் நாற்காலியில், அக்கா பாயில். பத்திரம் மராத்தியில் டைப் அடித்து வந்திருந்தது. அக்காவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். "ரெண்டு பேருக்கும் சம்மதந்தானம்மா?" என்று கேட்டார்கள். இருபது ஆம்பளைகள் நடுவில் அவள் வேறென்ன சொல்வாள்? போட்டுப் போன பதினோரு பவுனில் மூன்று பவுனும், நாற்பதாயிரம் ரூபாயும் கையில் வந்தது. இனி நகை, வீடு, ஜீவனாம்சம் எதுவும் கேட்க மாட்டேன் என்று அதில் எழுதியிருந்தது எங்களுக்குத் தெரியவரும்போது இரண்டு வருஷம் ஓடிவிட்டது. அதற்குள் அத்தான் ஊரில் வேறு பெண்ணைக் கட்டி அழைத்து வந்திருந்தார்.

அதற்குப் பிறகுதான் இலவசச் சட்ட உதவி வக்கீலம்மாவைப் பார்த்தோம். பத்திரத்தை இரண்டு தடவை புரட்டிவிட்டு அவர் இந்தியில் சொன்னதை நான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன்: "சட்டப்படி இன்னைக்கும் நீதான் அவர் பொண்டாட்டி." அக்கா அழவில்லை. "அப்போ அவர் ரெண்டாவதா கட்டின பொண்ணோட கதி?" என்றுதான் கேட்டாள். முதல் கல்யாணம் சட்டப்படி முறியாமல் கட்டிய இரண்டாம் கல்யாணம் செல்லாது. அந்த ஒரே காகிதத்தால் இரண்டு பெண்கள் ஏமாந்துவிட்டார்கள்.

"நம்ம வழக்கத்துல அத்துவிடுறது உண்டே" என்பீர்கள். 1955-ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, வழக்கப்படி நடக்கும் விவாகரத்துக்கு இடம் கொடுக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த வழக்கம் நம் சமூகத்தில் காலங்காலமாக இருப்பதை, அதைச் சொல்கிறவர்தான் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். அதை நிரூபிக்க முடியாவிட்டால் உங்கள் கையெழுத்துகள் அத்தனையும் வீண். கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்குச் சட்டமே வேறு.

சொத்து விஷயம்தான் என்னை ரொம்பவும் அறுக்கிறது. அக்கா விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவிப்பாள். அத்தான் சைக்கிளில் அலுமினியத் தூக்கைக் கட்டி மாட்டுங்கா பக்கம் விற்று வருவார். அந்தக் காசில் வாங்கிய அறைதான் அது. காகிதமெல்லாம் அவர் பெயரில். பிரியும்போது புருஷன் பெயரில் உள்ள சொத்தில் பாதி தானாக மனைவிக்கு வரும் என்று நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. அதனால்தான் கையெழுத்துக்கு முன்பே வக்கீலைப் பார்க்க வேண்டும் என்கிறேன். அவளுக்குப் போட்ட நகை அவளுடைய சீதனம், அதாவது அவளுக்கே சொந்தமான சொத்து. புருஷன் அதைத் தர மறுத்தால் குற்ற வழக்கே போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், அறை யார் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கும் உரிமையை மனைவிக்குத் தருகிறது. குடிசை மறுவாழ்வு ஆணையத்தின் (எஸ்ஆர்ஏ) விதிப்படி குடிசைக்குப் பதிலாகக் கொடுக்கும் வீட்டின் ஒப்பந்தம் புருஷன் பொண்டாட்டி இருவர் பெயரிலும் சேர்த்துத்தான் இருக்க வேண்டும். தாராவிக் குடிசைகளுக்குப் பதிலாக வீடு கொடுக்கும் பேச்சு நடக்கிற நேரத்தில், ஒரு பெண்ணிடம் "வீட்டில் உரிமை இல்லை" என்று எழுதி வாங்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

கோர்ட் என்றால் வாய்தா வாய்தாவாக இழுக்கும், கூலி போகும் என்று நீங்கள் சொல்வதும் பொய்யில்லை. ஆனால் குடும்ப நீதிமன்றம் மிட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாந்த்ரா குர்லா வளாகத்தில்தானே இருக்கிறது. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே, 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி அரசே இலவசமாக வக்கீல் கொடுக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் போட்டால் வழி சொல்வார்கள். ஒரு வருஷம் பிரிந்திருந்தவர்கள் பரஸ்பர சம்மதத்தில் மனுப் போடலாம். அதற்குப் பிறகு காத்திருக்கச் சொல்லும் ஆறு மாதத்தையும், தகுந்த காரணம் இருந்தால் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஜீவனாம்ச வழக்கில் இருவருமே வருமானத்தையும் சொத்தையும் பிரமாண வாக்குமூலத்தில் எழுதித் தர வேண்டும் என்பது 2020-இல் வந்த தீர்ப்பு. "எனக்கு வரும்படியே இல்லை" என்று பஞ்சாயத்தில் சொல்வதைப் போல அங்கே வாயால் சொல்லித் தப்பிக்க முடியாது.

உங்களை ஒதுங்கிப் போகச் சொல்லவில்லை. முறைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு வீட்டாரை ஒரே அறையில் உட்கார வைக்க உங்களால்தான் முடியும். அப்படி உட்கார வைக்கும்போது பாத்திரம் பண்டத்திலிருந்து கம்மல் வரை ஒரு பட்டியல் தமிழில் எழுதுங்கள். பேசி முடித்ததை முத்திரைப் பத்திரத்தில் எழுதி முடித்துவிடாமல், வக்கீல் மூலம் கோர்ட்டில் பதியச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணோடு இந்தியோ மராத்தியோ தெரிந்த ஒரு பெண்ணைத் துணைக்கு அனுப்புங்கள். பேசித் தீர்க்கிற உங்கள் கூட்டத்தில் சில பெண்களையும் உட்கார வையுங்கள்.

அக்காவின் வழக்கு இன்னும் நடக்கிறது. மாதா மாதம் இடைக்கால ஜீவனாம்சம் வருகிறது. மீதி எட்டுப் பவுனுக்கு நகைக்கடை ரசீதைத் தேடிக்கொண்டிருக்கிறோம். சங்கத்து அறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு ஒதுக்கித் தாருங்கள். சட்ட உதவி வக்கீலம்மாவை அழைத்து வருகிறேன். அக்காவும் அந்தப் பத்திரத்தோடு வருவாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் தமிழில் வாசித்துக் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் தெருப் பிள்ளை