கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வை

நீடாமங்கலம்
புரட்டாசி, வியாழக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். சின்னத்தம்பி மெட்ராஸ் வருகிறான். அரிசி மூட்டையையும் அம்மா கட்டிக் கொடுத்த வடகத்தையும் வீட்டில் இறக்கச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதத்தை மட்டும் உன் கையில் கொடுக்கச் சொன்னேன். போனில் சொல்லலாம்தான். நான் வாயைத் திறந்ததுமே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாயே.

உன் ஹைபிரிட் வண்டி விஷயம்தான். "லிட்டருக்கு 28 தரும்னு சொன்னாங்க, 16தான் வருது" என்று மீட்டரைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாயே, அதைப் பற்றி. வண்டியில் குறை இல்லை தம்பி. பொங்கலுக்கு நீ கொண்டுவந்தபோது மன்னார்குடி வரை நான் ஓட்டினேன். ஏ.சி. போட்டிருந்தோம், நாலு பேர் உட்கார்ந்திருந்தோம், 24 காட்டியது. "அப்பாவுக்கு இன்னும் கை போகல" என்று அம்மாவிடம் சொன்னாய். கையில் என்ன இருக்கிறது, எல்லாம் காலில்தான்.

கம்பெனி சொல்லும் மைலேஜ் சோதனைக் கூடத்தில் எடுப்பது. சக்கரத்தை உருளை மேல் ஓடவிட்டு, ஏ.சி.யை நிறுத்திவிட்டு அளப்பார்கள். அங்கே ஆட்டோ குறுக்கே வராது, மாடு படுத்திருக்காது. அதை ரோட்டில் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் ஹைபிரிட் வண்டி ஊருக்குள் ஓட்டினால் 20க்கு மேல் தாராளமாகத் தர வேண்டும். சாதாரண வண்டி டிராஃபிக்கில் குடிக்கும், ஹைவேயில் மிச்சம் பிடிக்கும். இது அதற்கு நேர்மாறு. மெதுவாகப் போகும்போது பேட்டரி மோட்டாரே இழுத்துவிடும், பெட்ரோல் என்ஜின் தூங்கும். பிரேக் போடும்போது அதே மோட்டார் டைனமோவாக மாறிப் பேட்டரியை நிரப்பும்.

அதனால் பிரேக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஸ்பீடா மீட்டருக்குப் பக்கத்தில் சார்ஜ், ஈகோ, பவர் என்று ஒரு முள் இருக்கிறதே, அதைக் கவனி. லேசாக மிதித்தால் முள் சார்ஜ் பக்கம் போகும். அவ்வளவும் பேட்டரிக்கு. திடீரென்று அழுத்தி மிதித்தால் பிரேக் பேடு பிடிக்கும், ஓடிவந்த வேகமெல்லாம் சூடாகிக் காற்றில் போய்விடும். வயலுக்குப் பாய வேண்டிய தண்ணீரை வடிவாய்க்காலில் திறந்துவிடுகிற கதைதான். நம்மூர் ரயில்வே கேட் மூடியிருப்பது எவ்வளவு தூரத்திலிருந்தே தெரியும்? லாரி வரிசை கண்ணில் பட்டவுடன் காலை எடுத்துவிட வேண்டும். நான் பஸ்ஸை அப்படித்தான் உருட்டிக்கொண்டு வந்து நிறுத்துவேன். டிப்போ போர்டில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கே.எம்.பி.எல். கணக்கு எழுதும்போது என் பெயர் மேலேதான் இருக்கும், உனக்கே தெரியும். அந்தக் காலத்தில் பஸ்ஸுக்கு ஐந்து தாண்டுவதே பெரிய விஷயம். உனக்கு 16 கசக்கிறது.

கிளம்பும்போது ரொம்பப் பயந்து பயந்து மிதிக்காதே. எல்லோரும் அந்தத் தப்பைச் செய்கிறார்கள். முள் ஈகோவுக்குள் இருக்கும்படி கொஞ்சம் தைரியமாகவே மிதித்து 50, 60க்கு வந்துவிடு. அப்புறம் காலை முழுதாக எடு. என்ஜின் அடங்கும். பிறகு கட்டைவிரல் கனத்துக்கு லேசாக வை, மோட்டாரிலேயே ஓடும். வேகம் குறைந்தால் மறுபடி ஒரு மிதி. பாலத்தில் ஏறும்போது வேகத்தைப் பிடித்துவைக்கப் போராடாதே, இரண்டு மூன்று குறையட்டும், இறங்கும்போது தானே வரும். வலங்கைமானில் குடமுருட்டிப் பாலத்தில் உனக்குக் காட்டினேன், நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

பேட்டரியில் மட்டும் ஓடவிடுகிற அந்த ஈ.வி. பட்டனை அடிக்கடி அமுக்காதே. பெட்ரோல் மிச்சம் என்று தோன்றும். பேட்டரி காலியானால் அதை நிரப்பப் போவதும் உன் பெட்ரோல்தான். சிக்னலில் நியூட்ரலில் போடாதே. டி கியரிலேயே வைத்து பிரேக்கில் கால் வை. நியூட்ரலில் என்ஜின் ஓடினாலும் பேட்டரி ஏறாது. பஸ்காரனுக்கு நியூட்ரல் ஒரு பழக்கம், அதைத்தான் என்னிடமிருந்து கற்றுக்கொண்டாய் போலிருக்கிறது. டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பார்க்க வேண்டும். எவ்வளவு என்று டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். டிக்கியில் அந்தப் புத்தக மூட்டை இன்னும் கிடக்கிறதா? அதை எடுத்து வீட்டில் வை.

இதெல்லாம் சரியாகச் செய்தாலும் உனக்கு 16ஐத் தாண்டாது என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

நீ அனுப்பிய படத்தில் மைலேஜ் மட்டும் இல்லை. டேங்க் நிரப்பியதிலிருந்து 214 கிலோமீட்டர், சராசரி வேகம் மணிக்கு 11 என்று கீழே இருக்கிறது. நான் படிக்காதவன்தான், ஆனால் டிரிப் ஷீட் கணக்குப் பார்த்தே தலை நரைத்தவன். 214ஐ 11ஆல் வகுத்தால் பத்தொன்பது மணி நேரத்துக்கு மேல் வருகிறது. ஓ.எம்.ஆரில் எவ்வளவு நெரிசல் இருந்தாலும் 20, 22க்குக் குறையாது என்று நீயே சொல்லியிருக்கிறாய். அப்படியானால் பத்து மணி நேரம் ஓடியிருக்கும். மீதி ஒன்பது மணி நேரம் வண்டி ஆஃப் செய்யாமல் ரெடியிலேயே நின்றுகொண்டு இருந்திருக்கிறது. ஏ.சி.யோடு.

நின்ற வண்டியில் மைலேஜ் எங்கிருந்து வரும்? ஏ.சி. பேட்டரியில்தான் ஓடும், சத்தமே வராது, செலவே இல்லை என்று தோன்றும். கொஞ்ச நேரத்தில் பேட்டரி இறங்கியதும் என்ஜின் தானே எழுந்து ஓடி நிரப்பிவிட்டு அடங்கும். திரும்ப எழும். கிலோமீட்டர் ஏறாது, பெட்ரோல் மட்டும் இறங்கும். உன் 16க்குக் காரணம் இதுதான், கம்பெனிக்காரன் இல்லை.

படத்தில் மணி 11:40 என்று இருந்தது. செவ்வாய்க்கிழமை அனுப்பினாய். கண்ணாடிக்கு வெளியே சவுக்குத் தோப்பு தெரிந்தது. நிழலில் நிறுத்தியிருக்கிறாய், அது நல்லதுதான். வெயிலில் நின்ற வண்டியைக் குளிர வைக்கவே பாதி பெட்ரோல் போய்விடும்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. உட்கார வேண்டும் என்றால் உட்கார். ஏ.சி.யை 26ல் வை. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வை. முக்கியமாக அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில், மூடிய ஷெட்டில் மட்டும் ரெடி போட்டு உட்காராதே. சத்தமில்லையே, ஆஃப் ஆகியிருக்கிறது என்று நினைத்துக் கண் அசந்துவிடுவாய். என்ஜின் அது பாட்டுக்கு எழுந்து புகை விடும். அந்தப் புகையில் இருக்கிற விஷ வாயுவுக்கு மணமும் கிடையாது, தெரியாமலே ஆளை மயக்கிவிடும். வெளியில் நிறுத்து, காற்று வருகிற இடமாகப் பார்த்து நிறுத்து. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வை.

தவணை எத்தனை தேதி என்று அம்மா கேட்டாள். அவள் ஊரெல்லாம் "என் மகன் வண்டிக்கு வண்டியே கரண்ட் பிடித்துக்கொள்ளும்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். ரேஷன் கடை வரிசையில்கூடச் சொல்லியிருக்கிறாள். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. என்னைக் கேட்டிருந்தால் பழைய வண்டி ஒன்றே போதும் என்றிருப்பேன். நீ கேட்கவில்லை. மணக்கால் அத்தை வீட்டுக் கல்யாணத்துக்கும் வரவில்லை. "கம்பெனியில் லீவு இல்லை" என்று கயல் சொன்னாள். அவள் அப்படித்தான் நம்பிச் சொன்னாள்.

இங்கே குறுவை அறுப்பு நடக்கிறது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் எடுக்க மாட்டேன் என்கிறார்கள், மழையோ தினமும் சாயங்காலம் பிடித்துக்கொள்கிறது. நம்முடையது பாதி போய்விட்டது, பாதி தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. ஊரே ரோட்டில் நெல்லைக் கொட்டி வைத்திருக்கிறது.

அதனால் நீ வரும்போது கும்பகோணம் தாண்டியதும் பார்த்து வா. பாதி ரோடு நெல், பாதி ரோட்டில்தான் போக்குவரத்து. ராத்திரியில் வராதே, குவியலுக்குக் கல் வைத்திருப்பார்கள், தெரியாது. விடியற்காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். விக்கிரவாண்டி வரை ரோடு அகலம் என்று 110ல் விரட்டாதே. 80ல் இருப்பதைவிட 100ல் காற்றுத் தடை ஒன்றரை மடங்கு, ஹைபிரிட்டாக இருந்தாலும் அங்கே என்ஜின்தான் இழுக்க வேண்டும். 80, 85ல் வை. அப்படி வந்தால் 24 காட்டும், பந்தயம்.

எப்போது வருகிறாய் என்று எழுத வேண்டாம். சனிக்கிழமை என்று இல்லை, நடுவாரத்தில் வந்தாலும் வா. எத்தனை நாள் இருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள், அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். கயலையும் பாப்பாவையும் அழைத்து வந்தாலும் சரி, தனியாக வந்தாலும் சரி. மாடி ரூமைச் சுத்தம் செய்து ஃபேன் மாற்றியாயிற்று.

உன் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன். பெட்ரோலுக்கு என்று வைத்துக்கொள். போன தடவை மாதிரித் திருப்பி அனுப்பாதே, பேங்க் வரைக்கும் நடக்க முடியவில்லை.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: சர்வீஸ் விடும்போது ஏ.சி. ஃபில்டரைப் பார்க்கச் சொல், அடைத்திருந்தால் ஏ.சி. கூடுதலாக இழுக்கும். கண்ணாடி விஷயத்தை மறக்காதே. கயலிடம் நான் எதுவும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். நீயே சொல்லிவிடு.