சாம்பல் பூத்துவிடும் கறுப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

செயற்கை நுண்ணறிவுப் படக்கருவிகள் கறுப்பினக் கலைஞர்களின் படைப்புகளை அனுமதியின்றி எடுத்தாள்வது பற்றி நிறையப் பேசுகிறோம். எடுத்ததைச் சிதைப்பதும் அதே அளவு கொடுமை.

சிகாகோ ஓவியர் கேரி ஜேம்ஸ் மார்ஷல் மனித உருவங்களைப் பழுப்பில் அல்ல, கறுப்பிலேயே தீட்டுகிறார். எலும்புக்கரிக் கறுப்பு, கார்பன் கறுப்பு, இரும்பு ஆக்சைடு கறுப்பு ஆகியவற்றோடு நீலம், பச்சை போன்றவற்றைக் கலக்கிறார். உற்றுப் பார்த்தால்தான் ஒரு கறுப்புக்குள் இத்தனை கறுப்பா என்பது தெரியும்.

சொற்களில் கேட்பதைப் படமாக்கித் தரும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற கருவியின் தொடக்கப் பதிப்புகளுக்கு இது எட்டாது. பயிற்சியில் படத்தின்மீது 1000 படிகளில் இரைச்சலை, அதாவது தாறுமாறான புள்ளிகளை, கூட்டுகிறார்கள்; அதை நீக்கக் கற்றே கருவி வரையப் பழகுகிறது. கடைசிப் படியிலும் மூலப்படத்தின் சராசரி வெளிச்சம் கொஞ்சம் மிஞ்சிவிடுகிறது. வரையும்போதோ கருவி வெறும் இரைச்சலிலிருந்து தொடங்குகிறது. அதன் சராசரி நடுத்தரம். அதனால் இருளைக் கேட்டாலும் படம் நடுத்தர வெளிச்சத்துக்கே இழுபட்டு, சாம்பல் பூத்துவிடுகிறது. போதாததற்கு, 512×512 படத்தை 64×64 அளவுக்குச் சுருக்கியே கையாள்கிறது. நுண்ணிய பூச்சு வேறுபாடுகள் அங்கேயே மங்கும்.

எந்தப் படியில் எவ்வளவு இரைச்சல் என்ற அட்டவணையைத் திருத்தி மறுபயிற்சி கொடுத்தால் வெளிச்சக் கோளாறு தீரும் என்பது 2023லேயே தெரிந்த விஷயம். பயிற்சிப் படங்களோடு சேர்த்துக் கொடுக்கும் விளக்கக் குறிப்புகளின் கோளாறு அப்படித் தீராது. செனகல் கலைஞர் லிண்டா டூனியா, தன் நாட்டுத் தலைநகரான டக்காரின் கட்டடங்களைக் கேட்டபோது டால்-ஈ 2 என்ற இன்னொரு படக்கருவி பாலைவனத்தையும் இடிபாடுகளையும் கொடுத்தது. ஓவியரின் ஒப்புதலும் அவரே எழுதிய குறிப்பும் இல்லாத படத்தைப் பயிற்சித் தொகுப்பில் சேர்க்கக் கூடாது.

இப்படிக்கு,
வாசகர், மதுரை