அள்ளிப் போட்டதைத் திரும்பப் போடுவது

நிஷி-கசாய், டோக்கியோ
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "பரவாயில்ல" என்கிறாள். நானும் அவள் பெண்தானே, யார் கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்றுதான் வாயில் வருகிறது. அதனால்தான் தாளை எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

இன்று ஜியூகாவோகாவுக்குப் போயிருந்தேன். இங்கிருந்து ரயில் மாறி முக்கால் மணி நேரம். புத்தகத்தில் வரும் சிறுமி, நம் டோட்டோ-சான், படித்த டோமோயி பள்ளி அங்கேதான் இருந்தது. 1945 குண்டுவீச்சில் ரயில்பெட்டி வகுப்பறைகள் எரிந்துபோனது தெரிந்துதான் போனேன். இருந்தாலும் ஒரு பெட்டியாவது நிற்காதா என்று ஒரு நப்பாசை. இப்போது அங்கே பெரிய கடை வளாகம். ஒரு பன் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பினேன்.

வழியில் பழைய புத்தகக் கடையில் 110 யென்னுக்கு ஜப்பானிய டோட்டோ-சான் கிடைத்தது. தலைப்பில் வரும் 'ஜன்னலோரம்' வெறும் ஜன்னல் இல்லையாம். ஆபீஸில் வேலை கொடுக்காமல் ஓரங்கட்டி ஜன்னல் பக்கம் உட்காரவைத்தவர்களை அந்தக் காலத்தில் அப்படித்தான் சொல்வார்களாம். கூட வேலை பார்க்கும் பெண் ஒருநாள் சொன்னாள். என் மேஜையும் ஜன்னல் பக்கம்தான். ஒரு வாரம் அதையே நினைத்து மருகினேன் என்றால் சிரிப்பாய்.

எல்லாரும் அந்த ஹெட்மாஸ்டர் கோபயாஷி நாலு மணி நேரம் குழந்தை பேச்சைக் கேட்டதைத்தான் சொல்வார்கள். எனக்கு என்றைக்கும் கக்கூஸ் அத்தியாயம்தான். பர்ஸ் உள்ளே விழுந்துவிடும். டோட்டோ நீளக் கரண்டியால் கழிவை வாரி வாரி வெளியே கொட்டுவாள். அந்தப் பக்கம் வந்த ஹெட்மாஸ்டர் திட்டமாட்டார். முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்பப் போட்டுவிடுவாய்தானே என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். பர்ஸ் கிடைக்காது. ஆனால் அவள் எல்லாவற்றையும் திரும்பப் போடுவாள், தண்ணீர் ஊறிய மண்ணைக்கூடச் சுரண்டி.

ரயிலில் உட்கார்ந்து ஜப்பானிய ஹிரகானா எழுத்துகளை எழுத்துக்கூட்டி அந்த இடத்தைப் படித்தபோது முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நானும் அள்ளுகிறவள்தான், திரும்பப் போட்டதே இல்லை. போன மாதம் பிளாஸ்டிக்கை எரியும் குப்பையோடு கலந்துவிட்டேன். பையை எடுக்காமல், தப்பு என்று ஸ்டிக்கர் ஒட்டி வாசலிலேயே விட்டுப்போய்விட்டார்கள். பிரித்துக் கட்டி அடுத்த முறை வைத்தால் முடிந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? எதிர்வீட்டுப் பாட்டி பார்த்திருப்பாளோ என்பதில் ஆரம்பித்து, ஏழாம் வகுப்பில் டீச்சர் என்னை வெளியே நிறுத்தியது வரைக்கும் போய்விட்டேன். இரவு இரண்டு மணி!

அப்புறம் உன் விஷயம். உன் கல்யாணத்துக்கு வீட்டை ஒழித்தபோது என் டோட்டோ-சானைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டாய். அதை எத்தனை சண்டையில் இழுத்திருக்கிறேன்! நகைச் சண்டையில், அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, பாப்பா பெயர் வைப்பில்கூட. அந்தப் புத்தகத்தைத் தமுக்கம் புத்தகக் கண்காட்சியில் உன் உண்டியல் காசில் வாங்கிக் கொடுத்ததே நீதான் என்பதை மட்டும் ஒருமுறைகூட எடுத்ததில்லை.

இந்தப் பிரதியை பாப்பாவுக்கு அனுப்புகிறேன். எழுத்து புரியாவிட்டால் என்ன, படம் பார்க்கலாம். வரைந்த சிஹிரோ இவாசாகி, புத்தகம் வருவதற்கு ஏழு வருஷம் முன்னாலேயே, 1974-இல் இறந்துவிட்டார். அவர் விட்டுப்போன ஓவியங்களிலிருந்து தேடி எடுத்துச் சேர்த்ததாம்.

பாப்பா கிறுக்கினாலும் கிழித்தாலும் பரவாயில்லை.

இல்லை, கிழிக்காமல் பார்த்துக்கொள்.

உன் தங்கை