ஆய்வுப் பணி விளம்பரங்களும் நம் பட்டதாரிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பல்கலைக்கழகங்களில் உயிர்மருத்துவ விஞ்ஞான, பொறியியல் ஆராய்ச்சி உதவியாளர் பதவிக்கு விளம்பரம் வந்தால் இங்கே முதலில் எழும் கேள்வி, நிரந்தர வேலையா என்பதுதான். இல்லை. தேசிய விஞ்ஞான மன்றம் போன்றவை ஒரு பேராசிரியரின் திட்டத்துக்கு வழங்கும் பணத்தில் உருவாகும் பதவி அது. திட்டம் முடிய ஒப்பந்தமும் முடியும். சம்பளத்தை விட முக்கியமாகப் பார்க்கவேண்டியது, முதுதத்துவமாணிப் பட்டத்துக்குப் பதிய இடமுண்டா, பதிவுக் கட்டணம் திட்டப் பணத்தில் போகுமா என்பதே. விளம்பரத்தில் இல்லாவிட்டால் நேர்முகத்தேர்வில் தாராளமாகக் கேட்கலாம்.

விண்ணப்பங்கள் சறுக்குவது பெரும்பாலும் சுயவிபரக் கோவையில். சாதாரணதரப் பெறுபேறு, மெய்வல்லுநர் போட்டி, மாணவர் தலைவர் பதவி என்று பக்கங்கள் நிறைந்தபின், ஆய்வுகூடத் திறனுக்கு ஒரே வரி: "பிசிஆர் தெரியும்". டிஎன்ஏயின் ஒரு பகுதியைப் பல மடங்காகப் பெருக்கும் முறைதான் பிசிஆர். எந்த மரபணு, பெருக்கவேண்டிய பகுதியைக் குறிக்கும் சிறு டிஎன்ஏ துண்டான பிரைமரை வடிவமைத்தது யார், சாதாரண பிசிஆரா, பெருகும்போதே அளக்கும் ரியல்-டைமா, மாதிரி இடாத கட்டுப்பாட்டுக் குழாயிலும், மாசு கலந்ததன் அடையாளமாக, டிஎன்ஏ பட்டை தெரிந்தால் என்ன செய்தீர்கள் என்பவற்றையே தேர்வுக்குழு தேடும். கடைசிக் கேள்விக்கு, தண்ணீரையும் கலவையையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்ததாகச் சொல்பவர் உண்மையில் ஆய்வுகூடத்தில் நின்று வேலை செய்தவர். பொறியியற் பட்டதாரிகளும் "மட்லாப் தெரியும்" என்று அந்தக் கணிப்பு மென்பொருளின் பெயரோடு நிறுத்தாமல், இதயத்தின் மின்பதிவான ஈசிஜியில் மின்விநியோகத்தால் கலக்கும் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலை நீக்கியதையும், வடிகட்டி அகலமானபோது ஒவ்வொரு துடிப்பிலும் கூராக எழும் கியூஆர்எஸ் அலை சிதைந்ததையும் இரண்டு வரியில் எழுதலாம். அந்த இரண்டு வரிக்கு ஒரு சான்றிதழை விட மதிப்புண்டு.

வெளிநாட்டு விளம்பரங்களில் பொடி எழுத்தில்தான் விஷயம் இருக்கும். பிரித்தானியக் கலாநிதிப் பட்ட உதவித்தொகை உள்நாட்டு மாணவர் கட்டணத்தை மட்டும் ஈடுசெய்யுமானால், மிச்சக் கட்டணம் நம் தலையில். சில துறைகளுக்கு விசாவுக்கு முன் ஏடாஸ் எனப்படும் பிரித்தானிய அரசின் பாதுகாப்பு அனுமதிச் சான்றும் இலங்கையருக்குத் தேவை, அதற்கு வாரக்கணக்காகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மாரி கியூரி நிதித்திட்டக் கலாநிதி இடங்களுக்கு, கடந்த 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் அந்த இடம் உள்ள நாட்டிலேயே வசித்தவரோ படித்தவரோ தகுதியற்றவர். ஜேர்மனியில் இப்போதுதான் முதுமாணி முடித்தவர் ஜேர்மன் இடத்துக்கு விண்ணப்பித்துக் கழிக்கப்படுவது இதனால்தான். நெதர்லாந்து இடத்துக்கு அந்தத் தடை அவருக்கு இல்லை.

உசாத்துணையாளர்களுக்கு முன்கூட்டியே அறிவித்து, அவர்களின் பல்கலைக்கழக மின்னஞ்சலையே கொடுக்கவேண்டும். விண்ணப்பம் போன கையோடு அவர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டுச் செய்தி போகும் முறைகளும் உண்டு.

பல்கலைக்கழகங்களிடமும் ஒரு வேண்டுகோள். "விசேட பட்டம்" என்ற தகைமையோடு விளம்பரத்தை முடிக்காமல் ஒப்பந்தக் காலம், பட்டப்பதிவு, செய்யவேண்டிய பரிசோதனைகள் ஆகியவற்றையும் போடுங்கள். முடிவுத் திகதிக்குக் குறைந்தது மூன்று வாரமாவது விடுங்கள். பெறுபேற்று விபரத்தைப் பல்கலைக்கழகத்தில் எடுக்கவே நாள் போகிறது.

உயிர்மருத்துவ ஆய்வாளர்கள் சிலர்,
யாழ்ப்பாணம்.