மேலூர்ல இருந்து கெடமலைக்கு

கண்ணு,

நல்லா இருக்கியா? இங்க அப்பாவும் நானும் சௌக்கியம். அப்பாவுக்குச் சக்கரை இந்தத் தடவை கொஞ்சம் கட்டுக்குள்ள இருக்குது.

அன்னைக்கு ராத்திரி நீ போன்ல கத்துனது பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். உன் சித்தி அந்தப் போட்டோவைக் குடும்பக் குரூப்புல போட்டிருக்கக் கூடாது. போட்டதுதான் போட்டா, கன்னத்துல பிளாஸ்திரியும் முழங்கையில கட்டும் இல்லாத போட்டோவாப் பாத்துப் போட்டிருக்கலாம். "அறுபத்திரண்டு வயசுல உனக்கு எதுக்கும்மா இந்த மலையேறற வேலை"ன்னு கேட்டே. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள மீட்டிங்னு வச்சுட்டே. அதான் எழுதறேன். எழுதுனா நடுவுல குறுக்கே பேச மாட்டே பாரு.

நீ மட்டும் வான்கூவர்ல வாரம் தவறாம மலை ஏறுறே. கரடி வரும்னு பையில மணி கட்டிட்டுப் போறே. நான் ஒரு வார்த்தை கேட்டா "சேஃப்தாம்மா"ங்கறே. சரி, அதை விடு.

போனது போதமலை. மொட்டைமாடியில நின்னா ராசிபுரத்துக்கு வடக்கால தெரியுமே, அது. கீழூர், மேலூர், கெடமலைன்னு மேல மூணு ஊரு. எலெக்ஷன் வந்தா ஓட்டு மிஷினைத் தலையில வச்சுத் தூக்கிட்டுப் போறாங்கன்னு பேப்பர்ல படம் போடுவாங்களே, அந்த ஊருங்கதான். சீக்காளியைத் தூளி கட்டித்தான் கீழ இறக்குவாங்க. இப்பத்தான் வடுகத்துல இருந்து ஒண்ணு, புதுப்பட்டியில இருந்து ஒண்ணுன்னு ரோடு வந்திருக்குது. ஜேசிபி வெட்டுன செம்மண் கீழ இருந்தே கீறல் மாதிரி தெரியுது.

எங்க வாக்கிங் செட்டுல ஆறு பேரு, காலேஜ் பசங்க நாலு பேரு, வழி காட்ட மேலூர்க்காரர் ஒருத்தரு. மொத்தம் பதினோரு பேரு. வனத்துறையில எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கித்தான் போனோம், அதுக்கும் நீ கத்த வேண்டாம். 2018 மார்ச்சுல குரங்கணித் தீயில சிக்குனதுல ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைங்களும் இருந்தாங்க, உனக்கே தெரியும். அதுக்கப்பறம் சட்டமெல்லாம் கறாராயிருச்சு. நல்லதுதான். நாங்க தையிலயே போனதுக்கும் அதுதான் காரணம். மாசி பொறந்துட்டா புல்லு காஞ்சு கெடக்கும், ஒரு பீடித் துண்டு போதும்.

விடியக்காலம் அஞ்சரைக்கு வடுகத்துல இருந்து ஏற ஆரம்பிச்சோம். ஆளுக்கு மூணு லிட்டர் தண்ணி, உப்பும் சக்கரையும் கலந்த பொட்டலம், கடலை உருண்டை. நான் வாழை இலையில அரிசியும்பருப்புஞ்சோறு கட்டி எடுத்துட்டுப் போயிருந்தேன். மேலூர் வரைக்கும் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. ஏத்தம், மூச்சு வாங்குச்சு, ஏறிட்டோம்.

மேலூர்ல ஒரு பாட்டி திண்ணையில உக்காந்து கேவுரு பொடைச்சுட்டு இருந்தாங்க. நான் பக்கத்துல போயி, "என்னைத் தெரியுதுங்களா? முந்தி ஊசி போட வருவனே"ன்னேன். உத்து உத்துப் பாத்தாங்க. "அந்த ஒசரமான நர்சம்மாளா?" "இல்லீங்க, குட்டையா ஒருத்தி வருவாளே." "குட்டையா ஆரும் வந்த மாதிரி தெரியலியே"ன்னு மறுபடி மொறத்தைக் கையில எடுத்துட்டாங்க. பசங்க சிரிச்ச சிரிப்பு கெடமலை வரைக்கும் அடங்கல. பத்து வருசத்துக்கு மேல அந்த ஊருக்கு ஏறி எறங்குனவ நான்!

அங்க இருந்து கெடமலைக்கு மலை முதுகு மேலயே ஒரு ஒத்தையடித் தடம் இருந்துச்சு. அதுல போறதாத்தான் திட்டம். வழிகாட்டிக்காரரு ஊரு எல்லை தாண்டுனதும் நின்னுட்டாரு. "தடமுங்களா? ரோட்டு வேலை தொடங்குனதுல இருந்து இக்கட்டால ஆரும் வாறதில்லீங்கம்மா. கீழ எறங்கி வண்டியில சுத்திப் போயிக்கறாங்க." கால் படாத தடம் ரெண்டு மழையில மூடிக்கும். இது நாலு மழை பாத்திருக்கும்.

மூடுனது உண்ணிச்செடி. வெள்ளைக்காரன் பூவுக்கு ஆசைப்பட்டுத் தோட்டத்துல வைக்கறதுக்குக் கடல் தாண்டிக் கொண்டாந்த செடி இது. ஆடு மாடு வாய் வைக்காது. குருவிங்க பழத்தைத் தின்னு மலை பூரா வெதைச்சிருச்சுங்க. எட்ட நின்னு பாத்தா மஞ்சளும் ரோசுமாப் பூ, ஆசையாத்தான் இருக்கும். கிட்டப் போனா கொடி மேல கொடி பின்னி, ஆள் ஒசரத்துக்குப் படல் கட்டி வச்ச மாதிரி நிக்குது. ஒவ்வொரு கொடியிலயும் பூனை நகமாட்டம் வளைஞ்ச முள்ளு. போகும்போது விடும், திரும்பும்போது புடிச்சுக்கும். காட்டுக்குள்ள கொடுவாள் கொண்டு போகக் கூடாதுன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க, அதனால வெட்டற பேச்சுக்கே எடமில்ல. முதுகுப்பையைக் காட்டிப் பின்பக்கமாச் சாஞ்சு தள்ளணும். காலைத் தூக்கிப் போடாம, கொடியை அடியில மிதிச்சு அமுக்கி அது மேலயே அடுத்த அடி வைக்கணும். முன்னால போறவன் விட்ட கொப்பு பின்னால வர்றவன் மூஞ்சியில விளாசும், அதுக்கு நாலு முழம் எட்டி நடக்கணும். நாலு முழம் எட்டுனா ஆளே தெரியாது. அதனால ஒருத்தர் "ஓய்"னா அடுத்தவரு "ஓய்". பதினொண்ணு வரைக்கும் எண்ணி முடிச்சாத்தான் மறுபடி நடை. ரெண்டு எடத்துல காட்டுப்பன்னி போற சந்துக்குள்ள நாலு காலுலயும் தவழ்ந்தோம். ஆமா, நானுந்தான்.

அதுக்கு நடுவுல பூனைக்காலி வேற. காய் முத்திக் காஞ்சு, பழுப்பு நெறத்துல பூனை ரோமம் மாதிரி இருக்கும். ஒரு பையன் அதைத் தோளால உரசிட்டான். கழுத்தைச் சொறிஞ்சான், சொறிஞ்ச கையால காதைச் சொறிஞ்சான், அப்பறம் குதிக்கவே ஆரம்பிச்சுட்டான். பாட்டில் தண்ணியை மேல ஊத்தப் போனவனைத் தடுத்து, வழிகாட்டிக்காரரு செம்மண்ணைக் குழைச்சு அப்பி, காய விட்டுப் பொறுக்கு மாதிரி உரிச்சு எடுத்தாரு. சுணையெல்லாம் மண்ணோட வந்துருச்சு. முப்பத்தஞ்சு வருசம் நர்சு வேலை பாத்தவ, எனக்கு இது தெரியாமப் போச்சு.

ஒரு கிலோமீட்டர் தாண்ட ரெண்டே கால் மணி நேரம் ஆச்சுன்னு போனைப் பாத்து ஒரு பையன் சொன்னான். மேப்பை முன்னாடியே எறக்கி வச்சிருந்ததால சிக்னல் இல்லாத எடத்துலயும் அவன் போன்ல நாங்க நிக்கற புள்ளி தெரிஞ்சுது. அதுலதான் சண்டையே வந்துச்சு. மணி ரெண்டு. இடது பக்கமா ஒரு ஓடை எறங்குது, அதுல செடி இல்ல, வெறும் கல்லு. "இதுல எறங்குனா அரை மணியில அடிவாரம், மேப்புல பக்கத்துலதான் காட்டுது"ங்கறான். பாதிப் பேரு அவன் பக்கம் சாஞ்சுட்டாங்க. முள்ளுக்குள்ள மூணு மணி நேரம் இருந்தவங்களுக்கு வெறும் கல்லைப் பாத்தா சொர்க்கம்தான். வழிகாட்டிக்காரரு வேண்டாம்னு சொல்லத் தயங்கி நிக்கறாரு, படிச்ச பசங்க பேசறாங்கன்னு.

நான் வரமாட்டேன்னு சொல்லிட்டேன். "தண்ணி போற வழியில தண்ணிதான் போகும் சாமி. அது குதிக்கற எடத்துல நாம குதிக்க முடியாது. முள்ளு இருந்தாலும் முதுகை விட்டு எறங்காதீங்க"ன்னேன். "உங்களுக்கு எப்படிங்கம்மா தெரியும்"னு கேட்டான். தெரியும்னேன், அவ்வளவுதான். அவங்ககிட்டச் சொல்லல. உனக்குச் சொல்றேன்.

2001 தை மாசம் உனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் ரெண்டும் உப்பிக் கெடந்தது ஞாபகம் இருக்குதா? இல்லாம எங்க போகும், நீதான் அதைச் சொல்லிக் காட்டிட்டே இருப்பியே. அம்மாயி மடியில உன்னைப் படுக்க வச்சுட்டு விடியறதுக்குள்ள கிளம்பிட்டேன். ஞாயித்துக்கிழமை, அம்மா வீட்டுல இருப்பான்னு நீ நம்பியிருந்தே. அது சொட்டு மருந்து நாளு. மேலூர்ல முகாமை முடிச்சுட்டு, கெடமலைக்குப் போட வேண்டியவங்க வரலைன்னு அந்த ஊரு மருந்துப் பொட்டியையும் நான்தான் தூக்குனேன். தொணைக்கு வந்த பையன் பாதியில வவுத்து வலின்னு திரும்பிட்டான். மஞ்சு எறங்கிருச்சு. கை நீட்டுனா கை தெரியல. தண்ணிச் சத்தம் கேட்டு, ஓடையைப் புடிச்சுப் போனா ஊரு வந்துரும்னு எறங்குனேன். ஓடை ஒரு எடத்துல அப்படியே அந்தரத்துல முடிஞ்சுது. ஒரு கல்லு உருண்டு போச்சு, விழுந்த சத்தம் ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வந்துச்சு.

பொட்டியை நெஞ்சோட கட்டிக்கிட்டு, கையும் காலுமா மறுபடி மேல ஏறி, கவுத்து வச்ச உரல் மாதிரி ஒரு பாறை இருந்துச்சு, அதுக்கு அடியில உக்காந்தேன். நல்லா அழுதேன். அப்பறம் பொட்டியைத் தொறந்து பாத்தேன். மருந்துப் புட்டி மேல ஒரு வட்டம், அதுக்குள்ள ஒரு சின்னச் சதுரம் இருக்கும். சூடு பட்டா சதுரம் கறுக்கும். வட்டத்தோட நெறத்துக்கு வந்துட்டா மருந்தைக் கொட்டிற வேண்டியதுதான். சதுரம் வெளுப்பாத்தான் இருந்துச்சு. நாலு ஐஸ் பேக்கும் இன்னும் முழுசா உருகல. மருந்தே கெடாம இருக்குது, எனக்கென்னன்னு ஒரு தெம்பு வந்துருச்சு. மஞ்சு விலகுனதும் முதுகோடயே நடந்து அஞ்சரைக்குக் கெடமலை சேந்தேன். பதினாலு குழந்தைங்க. போட்டுட்டு, ஊராளுங்க ரெண்டு பேரு பந்தம் புடிச்சுப் புதுப்பட்டி வரைக்கும் கொண்டாந்து விட்டாங்க. வீட்டுக்கு வரும்போது ஒம்பதரை. நீ செவுத்தைப் பாத்துப் படுத்திருந்தே. ரெண்டு நாளு பேசல.

அதுக்கு அப்பறம் ஒரு தடவை, நீ வேலைக்குப் போன புதுசுல, "நீ ஊருக்கெல்லாம் அம்மா, எனக்குத்தான் இல்ல"ன்னே. அப்பவும் இதை நான் சொல்லல. சொன்னா உங்கப்பா வேலையை விடச் சொல்லியிருப்பாரு. அது ஒரு பயம். 2011க்கப்பறம் நாட்டுல ஒரு போலியோ கேஸ் கூட இல்லைன்னு 2014 மார்ச்சுல சர்டிபிகேட் வந்தப்ப ஆபீஸ்ல ஆளுக்கு ஒரு லட்டு கொடுத்தாங்க. உனக்குன்னு கொண்டாந்தேன். நீ ஹாஸ்டல்ல இருந்தே, அப்பா தின்னுட்டாரு. அதுவும் சேந்துதான் இப்பச் சக்கரையா நிக்குதோ என்னமோ.

அந்தப் பாறை அங்கயேதான் இருக்குது, கண்ணு. ஓடையை விட்டுட்டு முதுகோட போன அரை மணியில வந்துருச்சு. சுத்தியும் உண்ணிச்செடி, நடுவுல அந்த உரலு. அங்க உக்காந்துதான் கட்டுச்சோத்தைப் பிரிச்சோம். தென்கிழக்கால கொல்லிமலை நீலமா நின்னுச்சு, வடக்கால ஏற்காடு. அன்னைக்கு மஞ்சுல எதுவும் தெரியல, அதனால இப்பத்தான் மொதல் தடவையாப் பாக்கறேன். எல்லாரும் எந்திரிச்சும் நான் எந்திரிக்கல. "என்னங்கம்மா?"ன்னாங்க. கால் புடிச்சுக்கிச்சுன்னேன்.

நீ போட்டோவுல பாத்த அடி பட்டது அதுக்கப்பறம், ஒரு சரிவுல. பாறை மேல காஞ்ச புல்லு, எண்ணெய் ஊத்துன மாதிரி வழுக்கி, நேரா முள்ளுக்குள்ள போய்ச் செருகிட்டேன். எலும்புக்கு ஒண்ணும் இல்ல, ரணஜன்னி வராம இருக்க டிடி ஊசி நானே போய்ப் போட்டுக்கிட்டேன். கெடமலை சேரும்போது பொழுது எறங்கிருச்சு. அங்க இருந்து புது ரோட்டுலயே டார்ச் அடிச்சுட்டு நடந்து ஏழே முக்காலுக்குப் புதுப்பட்டி. ஓடையில எறங்கலாம்னு சொன்ன பையன்தான் கடைசி வரைக்கும் என் பையைத் தூக்குனான்.

வழிகாட்டிக்காரரு சொல்றாரு, ஆளுங்க வருசத்துக்கு நாலு தடவை நடந்தாலே தடம் தெறந்துக்குமாம். அடுத்தது ஐப்பசி மழை விட்டதும்னு பேசி வச்சிருக்கோம். நீ டிசம்பர்ல வர்றதாச் சொன்னியே. வரும்போது முள்ளுக்குத் தோல்ல கையுறை விப்பாங்களாமே, அது எனக்குச் சின்ன சைஸ்ல ஒண்ணு வாங்கிட்டு வா. உன் சைஸ்லயும் ஒண்ணு வாங்கிக்கோ.

அம்மா